முதல் காட்சியில் சிரிக்க வேண்டியவர்

மார்ச் 3, திங்கள்

நாடகத்தின் கடைசி அங்கத்தை இன்று பதிவு செய்து முடித்தோம். முதல் அங்கத்தை இன்னும் தொடவே இல்லை. வெளியில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். என்ன செய்வது? கடைசி அங்கத்தில் நீதிமன்றமே கூச்சல் போட வேண்டும். அதற்குப் பெரிய ஸ்டுடியோ வேண்டும். அது இந்த வாரம் மட்டும்தான் நமக்கு, அப்புறம் பாட்டுக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் கூட்டக் காட்சிகள் முதலில், வீட்டுக் காட்சிகள் பிறகு சின்ன ஸ்டுடியோவில். அட்டவணை நான் போட்டது. நிலைய மேலாளரே "கெட்டிக்காரத்தனம்" என்றார். இந்த வானொலி நிலையத்தில் அவர் ஒருவரைப் பாராட்டி நான் கேட்டதில்லை. எதைக் கொடுத்தாலும் பாதியாக்கித் திருப்பித் தருவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி.

காது மட்டும் முகத்தைச் சுளித்தாள். ஒலிப்பதிவாளர் அவள். காதில் மாட்டிய ஹெட்போனோடு பிறந்தவள் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். "முடிவை முதல்ல எடுத்தா அண்ணனுக்குக் கஷ்டமா இருக்காதாக்கா?" என்றாள். நடிகர் என்றால் நடிக்க வேண்டியதுதானே என்றேன்.

அண்ணன் என்று அவள் சொன்னது இடியண்ணனை. அவர் சும்மா வணக்கம் சொன்னாலே மீட்டரில் முள் சிவப்பைத் தொடும். மற்றவர்களை மைக்கின் பக்கத்தில் இழுத்து உட்கார வைப்போம், அவரை மட்டும் தள்ளி உட்காரச் சொல்வோம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார். கூடப்பிறந்த அண்ணன் கூட என்னை அத்தனை வாஞ்சையாகக் கூப்பிட்டதில்லை.

இந்த நாடகத்தில் அவர் நீதிபதி. வளைந்தே கொடுக்காதவர் என்று பெயர் எடுத்தவர். ஊர்த் தானியக் கிடங்கு எரிந்துபோகிறது. தீ வைத்தது ஆளுநரின் மகன். ஊர் கொந்தளிக்கிறது, யாரையாவது பிடித்துக் கொடுக்க வேண்டும். நீதிபதி தன் நண்பன் மாவு ஆலைக்காரனைக் கொடுத்துவிடுகிறார். அந்தத் தீர்ப்பைக் காப்பாற்ற இன்னொரு தீர்ப்பு. அதைக் காப்பாற்ற இன்னொன்று. கடைசியில் உண்மையைச் சொல்ல எழுந்து நிற்பது அவருடைய சொந்த மகன். அவனையும் தூக்குக்கு அனுப்பிவிடுகிறார். பிறகு காலி நீதிமன்றத்தில் உட்கார்ந்து தன் மேலேயே வழக்கு நடத்துகிறார் - கேள்வியும் அவர், பதிலும் அவர்.

இன்று அந்தப் பேச்சை ஒரே மூச்சில் பேசி முடித்தார். கூட்டமாகக் கத்துவதற்காகக் கணக்குப் பிரிவிலிருந்து நான் இழுத்துக்கொண்டு வந்தவர்கள் வீட்டுக்குப் போக மறந்து நின்றார்கள். நீதிபதியின் மனைவி நான்தான். (இயக்கிக்கொண்டே நடிப்பது - சம்பளம் ஒன்று, வேலை இரண்டு.) "முதல் பொய் என்னுடையது, என் பெயரையும் எழுதுங்கள்" என்று நீதிமன்றத்தில் நான் சொல்லும் இடம் நன்றாக வந்தது. எனக்கே பிடித்தது. இங்கே எழுதுவதில் என்ன, யார் படிக்கப் போகிறார்கள்.


மார்ச் 5, புதன்

பிரதியை மறுபடி படித்தேன். ஒரே கேள்விதான் குடைகிறது. இந்த மனிதர் எந்த இடத்தில் மாறுகிறார்?

காது சொல்கிறாள், ஆலைக்காரனுக்குத் தண்டனை எழுதும்போது. வீட்டுக்காரர் பல் செட் கட்டுகிறவர், சாப்பாட்டு மேசையில் ஒரு தாடைக்கு மெழுகு வைத்துக்கொண்டே கதையைக் கேட்டார். "பொண்டாட்டி பேச்சைக் கேட்டப்பவே ஆள் காலி" என்றார். அது நாடக விமர்சனம் இல்லை.

எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. தண்டனை எழுதும்போது அவர் மாறி முடித்தாயிற்று. மனைவி பேசும்போது பாதி மாறியாயிற்று. அதற்கும் முன்னால் ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஆளுநரின் ஆள் பேச்சுவாக்கில் கேட்கிறான்: "தீப்பிடித்த அன்று ஆலைக்காரர் எங்கே இருந்தாரோ?" நீதிபதிக்குத் தெரியும். இவர் வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "நினைவில்லை" என்கிறார். பெரிய பொய் கூட இல்லை. ஒரு சோம்பேறித்தனம் மாதிரி. வாசிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். அங்கேதான் விழுந்தார் என்று நினைக்கிறேன்.

இந்த மாதிரிப் பழைய துயர நாடகங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். கெட்டவன் கெட்டது செய்வதை உட்கார்ந்து பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. நல்லவன், அதுவும் தன்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டே, இறங்க வேண்டும். மனைவி அதற்கு நேரெதிர். எடுத்த எடுப்பில் பொய்யைத் தூண்டுகிறவள் அவள், உடம்பு கூசுவதில்லை. போகப் போகத்தான் அவளுக்குச் சோறு இறங்காமல் போகிறது. ஒரே வீட்டில் ஒருவர் இறங்குகிறார், ஒருவர் ஏறுகிறார். வழியில் எங்கோ ஒரு நாள் இருவரும் ஒரே படியில் நின்றிருக்க வேண்டும். அந்தக் காட்சியை எழுதாமல் விட்டுவிட்டார்களே என்று இருக்கிறது.


மார்ச் 7, வெள்ளி

நாடகப் பிரிவுக்குத் தலைவர் போடப் போகிறார்களாம். நான், அல்லது உரைப் பிரிவில் இருக்கும் வழுக்கைத் தலையர். "உங்க நாடகம் எப்படி வருதுன்னு பார்ப்போம்" என்றார் கத்தரி. நேரத்தோடு முடிக்க வேண்டும். அது போதும்.


மார்ச் 10, திங்கள்

சின்ன ஸ்டுடியோ. முதல் காட்சி. நீதிபதியும் ஆலைக்காரனும் மாலையில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். நண்பன் தோற்கிறான், நீதிபதி சிரிக்கிறார். இவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளை செய்துவிடும்.

அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டால் ஆலைக்காரன் அப்போதே எழுந்து ஓடியிருப்பான்.

மறுபடி. மறுபடியும் அதேதான். சத்தம் சரி, உச்சரிப்பு சரி. ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் தூக்குமேடை இருக்கிறது.


மார்ச் 11, செவ்வாய்

இன்றும் அதே கதை. மதியம் அவரே மைக்கை விட்டு எழுந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, போன வாரம் இவனை நான் தூக்குல போட்டுட்டேன். இப்ப அவன்கூட உக்காந்து ஆடச் சொல்றே. இவன் என்ன ஆவான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரியாத மாதிரி சிரிக்க வரல."

காது என்னைப் பார்க்கவில்லை. அவள் பார்க்காததே பார்த்த மாதிரி இருந்தது.

சரி. ஒப்புக்கொள்கிறேன். தப்பு அட்டவணையில். அதாவது என்னிடம். கடைசி நாளை வாழ்ந்துவிட்டு வந்தவரிடம் முதல் நாளின் வெள்ளை மனதைக் கேட்டால் எங்கே போவார்? நடிக்க வேண்டியதுதானே என்று சொன்னேன் பார், என் வாய்க்கு ஒரு பூட்டு போட வேண்டும். இரண்டு வாரம் இடைவெளி விட்டு எடுத்தால் வந்துவிடும் என்றார் அண்ணன். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு நான் எங்கே போவேன்? கத்தரியிடம் என்ன சொல்வேன்?


மார்ச் 12, புதன்

கத்தரி கூப்பிட்டார். இரண்டு நாள் ஸ்டுடியோ வீண், ஏன் என்று கேட்டார்.

நான் சொன்னது இதுதான், அட்சரம் பிசகாமல் எழுதி வைக்கிறேன்: "அண்ணனுக்குக் குரல் கொஞ்சம் ஒத்துழைக்கல சார்."

பொய் என்று சொல்ல முடியுமா? வராதது குரலில்தானே. விவரம் எல்லாம் சொல்லப் போனால் அவருக்குப் புரியாது, அரை மணி நேரம் போகும். அட்டவணை பற்றி அவர் கேட்கவும் இல்லை.

"அட, இடிக்கேவா?" என்றார். அதோடு விட்டுவிட்டார்.


மார்ச் 14, வெள்ளி

விடவில்லை. இன்று வராந்தாவில் நிறுத்தி, "அவருக்கு என்ன வயசு?" என்றார். எனக்குச் சரியாகத் தெரியாது என்றேன். (தெரியும்.) "பார்த்தா தெரியல, வயசாயிடுச்சு போல" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. மேலதிகாரி நடந்துகொண்டே பேசுவதற்கெல்லாம் பதில் சொல்ல முடியுமா?

சாயங்காலம் பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். உண்மையாகவே சில இடங்களில் மூச்சு வாங்குகிறது. 'ழ' கொஞ்சம் வழுக்குகிறது. முன்பு இப்படி இருந்ததா? இதை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேனோ? பாசம் காதை மறைக்கும் இல்லையா.

காதிடம் கேட்டேன். "உனக்கும் கேட்குதுல்ல?"

"எனக்குக் கேக்கறது வேறக்கா" என்றாள்.

என்ன என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு இப்போதெல்லாம் வாய் நீண்டுவிட்டது.


மார்ச் 17, திங்கள்

நீதிபதி வேடம் செய்தி வாசிப்பவருக்குப் போகிறது. கத்தரியின் முடிவு. கடைசி அங்கத்தில் கூட்டத்தின் கூச்சலை அப்படியே வைத்துக்கொண்டு நீதிபதியை மட்டும் மாற்றிவிடலாமாம். "உங்களுக்குத்தான் அவர் நெருக்கம், நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

என் முடிவு இல்லை. என் முடிவு இல்லவே இல்லை. நாடகம் வெளிவர வேண்டும், அது எல்லோரையும் விடப் பெரிது. நாடகத்துக்காகச் செய்கிற ஒன்றை எனக்காகச் செய்ததாக யாரும் சொல்ல முடியாது.


மார்ச் 18, செவ்வாய்

எதிர்த்த டீக்கடையில் சொன்னேன். பக்குவமாகத்தான். கொஞ்ச நாள் ஓய்வு எடுங்கண்ணே, தொண்டைக்கு நல்லது, இந்த வேடம் ரொம்பக் கத்த வைக்கிறது, அடுத்த நாடகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கடையே அதிரும்படி ஒரு சத்தம் போடுவார், நானும் திருப்பிக் கத்துவேன், பிறகு உட்கார்ந்து பேசிச் சரிசெய்துகொள்வோம். அப்படித்தான் எப்போதும் நடக்கும்.

தம்ளரைக் கீழே வைத்தார். "என் குரல்ல ஏதாவது இருக்கா? நீ சொன்னா நான் நம்புவேன்."

"லேசா... அசதி மாதிரி" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

நான் டீக்குப் பணம் கொடுக்க எழுந்துவிட்டேன்.


மார்ச் 19, புதன்

அவர் கேட்டது "எப்பலேர்ந்து".


மார்ச் 24, திங்கள்

செய்தி வாசிப்பவரோடு முதல் காட்சி முடிந்தது. நல்ல பிள்ளை, பிசிறில்லாத குரல். நண்பனைத் தூக்குக்கு அனுப்புவதையும் நாளை லேசான மழை என்பதையும் ஒரே மாதிரி சொல்கிறார். சிரிக்க வேண்டிய இடத்தில் "ஹ ஹ ஹ" என்று பிரதியில் இருப்பதை அப்படியே வாசித்தார். அருமை என்றேன். காது ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.


மார்ச் 28, வெள்ளி

நாடகப் பிரிவுத் தலைவர் நான்தான். அறிவித்துவிட்டார்கள். வழுக்கைத் தலையர் கையைக் குலுக்கும்போது நசுக்கினார். வீட்டுக்காரர் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வந்தார். உருகிப் பாயாசமாகியிருந்தது. இருவரும் குடித்தோம்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிடி கிடைக்காமல் இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியை மறுபடி துவைக்கப் போட்டேன்.


ஏப்ரல் 1, செவ்வாய்

நான்காம் அங்கத்துக்குப் பிரதி சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கண்ணில் பட்டது. நீதிபதி முதல் அங்கத்தில் பேசும் வார்த்தைகள்தாம் நான்காம் அங்கத்திலும். "ஊருக்காக" என்கிறார். முதலில் அதைச் சொல்லித் தன் வீட்டு நெல்லைக் கொடுக்கிறார். பிறகு அதைச் சொல்லி நண்பனைக் கொடுக்கிறார். பிறகு மகனை. வார்த்தை ஒன்றுகூட மாறவில்லை. நாம் என்னவோ, மனிதன் மாறும்போது அவன் பேச்சு மாறும், முகம் கறுக்கும், பேய் பிடித்த மாதிரி இருப்பான் என்று நினைக்கிறோம். இல்லை. அதே நல்ல வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறான். அது கையில் இருப்பதால்தான் பயமில்லாமல் இறங்குகிறான்.

இதைப் பிரிவுக் கூட்டத்தில் பேசலாம் என்று குறித்துக்கொள்ளப் போனேன். பக்கத்தைப் புரட்டினேன், போன மாதம் பதினேழாம் தேதி நான் எழுதியது.

நாடகத்துக்காக.

பேனாவை மூடிவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தேன். இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. என் கையெழுத்து, அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் கூட இல்லாமல்.

எந்த இடத்தில் மாறினார் என்று பெரிய மேதாவி மாதிரி தேடினேனே. எனக்குத் தெரிந்த இடம்தானே அது. "ஒத்துழைக்கல சார்." சே. எவ்வளவு சின்ன வாக்கியம்டி.


ஏப்ரல் 3, வியாழன்

அண்ணி போன் செய்தார். இடியண்ணன் மனைவி. எண்ணி நாலு வார்த்தை பேசுகிறவர், இன்று நிறுத்தவில்லை.

அண்ணன் வீட்டில் சத்தமாகப் பேசுவதில்லையாம். அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவதில்லை, எழுந்து வந்து பக்கத்தில் நின்று சொல்கிறாராம். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேப்பரை உரக்கப் படித்துப் பார்க்கிறார், பாதியில் நிறுத்திவிடுகிறார். தொண்டை டாக்டரிடம் போனார்கள். குழாய் விட்டுப் பார்த்து, ஒன்றுமே இல்லை, பாறை மாதிரி இருக்கிறது என்றாராம். வெளியே வந்து அண்ணன் சொல்லியிருக்கிறார், டாக்டர் மறைக்கிறார் என்று.

"உங்க பேச்சைத்தான் அவர் கேப்பாரு. நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லுங்கம்மா" என்றார் அண்ணி.

என்னிடம். என்னிடம் கேட்கிறார்.


ஏப்ரல் 4, வெள்ளி

கத்தரியின் அறைக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். குரலில் ஒன்றும் இல்லை, முடிவை முதலில் எடுத்ததால் வந்த கோளாறு, அட்டவணை என்னுடையது, கேட்டபோது பயந்து அவர் மேல் தள்ளிவிட்டேன்.

பூமி பிளக்கும் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அதுக்கென்ன இப்போ? செய்தி வாசிக்கிறவர் எடுத்தது கேட்டேன், கடனேன்னு இருக்கு. வேணும்னா பழையவரையே கூப்பிட்டுக்கோங்க. தலைவர் நீங்கதானே."

இவ்வளவுதானா? இதற்காகவா? அன்றைக்கே சொல்லியிருந்தாலும் இவ்வளவுதானே சொல்லியிருப்பார்!

பதவியைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லத்தான் போனேன். வாசல் வரை நாக்கில் இருந்தது. சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.


ஏப்ரல் 5, சனி

போய்விட்டு வந்தேன்.

கழுத்தில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார், இந்த வெயிலில். என்னைப் பார்த்து முகம் மலர்ந்தது. "வா தங்கச்சி" என்றார், மூன்றடி தள்ளி இருந்தால் கேட்டிருக்காது.

நான் சுற்றி வளைக்கவில்லை. உட்காரக் கூட இல்லை. "அண்ணே, உங்க குரல்ல ஒண்ணுமே இல்ல. முடிவை முதல்ல எடுத்தது என் தப்பு. நீங்கதான் அன்னிக்கே சொன்னீங்களே. மேலாளர் கேட்டப்போ பயந்துபோய் உங்க மேல போட்டுட்டேன். டீக்கடையில சொன்னதும் பொய். மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடிக்காகக் காத்திருந்தேன். ஒரு அடி கொடுத்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து வந்து என் தலையில் கையை வைத்தார்.

"உனக்குப் பெரிய மனசும்மா. இவ போன் பண்ணாளா?"

"இல்லண்ணே - பண்ணாங்க, ஆனா நான் நெஜமாத்தான்..."

"என் மேல பாசம் உனக்கு. அதுக்காக உன் பேரைக் கெடுத்துக்குவியா? போன்ல நானே பேசிப் பதிவு பண்ணிக் கேட்டுட்டேன். நடுக்கம் இருக்கு."

போட்டுக் காட்டினார். இருந்தது. கடவுளே, உண்மையாகவே இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பு இல்லாத நடுக்கம். நான் சொல்லிச் சொல்லி வந்தது.

எப்படியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். சத்தியம் செய்தேன். அழுதேன். அழ அழ அவருக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போயிற்று, நான் அவருக்காகப் பொய் சொல்கிறேன் என்று. கடைசியில் அவரே எனக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னார். வயதானால் எல்லோருக்கும் வருவதுதானே, விடு தங்கச்சி.

நாடகத்தில் இப்படி ஒரு காட்சி இல்லை. மனைவி உண்மையைச் சொன்னதும் நீதிமன்றம் திகைத்து நிற்கும், எல்லோரும் நம்புவார்கள். என் குரல் அங்கே எப்படி ஒலித்தது! என்னவோ உண்மை என்பது எடுத்து வீசினால் போதும், போய் ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி.

வாசல் வரை அண்ணி வந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவர் நம்பல. நான் நம்பறேன்" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாம். வேலைக்குக் கூப்பிடுங்க, அனுப்பி வைக்கறேன். அவருக்கு வேலை வேணும். வீட்டுக்கு மட்டும் இனிமே வராதீங்க."


ஏப்ரல் 8, செவ்வாய்

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். உன் மனசு நோகக் கூடாதே என்பதற்காக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.


ஏப்ரல் 15, செவ்வாய்

பதிவு. முதல் காட்சி.

மைக்கின் பக்கத்தில் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். சிரிப்பில் தூக்குமேடை இல்லை. அது போய்விட்டது. ஆலைக்காரனுக்குச் செய்ததற்குத் தன்னை மன்னித்துவிட்டாரோ, மறந்துவிட்டாரோ தெரியவில்லை. ஆனால் ஒரு வரி சொல்வார், கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார். "சரியா இருந்துச்சா?" அடுத்த வரி. "இது சரியா?" 'இந்த ஊரில் என் வார்த்தைக்கு மேல் வார்த்தை இல்லை' என்று நீதிபதி மார்தட்டுகிற இடம் - தட்டிவிட்டு, "கேக்குதா தங்கச்சி? சரியா?"

தன் மேல் ஒரு சந்தேகமும் இல்லாத மனிதனாக இருக்க வேண்டிய காட்சி அது. அந்த நீதிபதியின் கோளாறே அதுதான். ஒரு தடவையாவது அப்படிக் கேட்டிருந்தால் ஆலைக்காரன் பிழைத்திருப்பான்.

ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்திச் சொன்னேன். சரிண்ணே. ரொம்பச் சரி. அவர் தலையாட்டினார், குழந்தைக்குச் சொல்லும் பொய்யைப் பெரியவர்கள் கண்டுகொள்ளாமல் விடுவது போல.


ஏப்ரல் 17, வியாழன்

நானும் காதும் உட்கார்ந்து எல்லா "சரியா"வையும் வெட்டி எடுத்தோம். வெட்டி எடுத்து ஒட்டியபின் கேட்டால் - பழைய இடி. மலை மாதிரி நிற்கிறது குரல். நடுக்கம் அந்தக் கேள்விகளில்தான் இருந்திருக்கிறது, வசனத்தில் இல்லவே இல்லை.

காது முதல் தடவையாக என்னிடம் கேட்டாள். "ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

பதில் யோசித்தேன். பயம் என்றேன். ஆசை என்றேன். இரண்டும் சரியாகப் படவில்லை. "அப்ப அது சுலபமா இருந்துச்சு" என்றேன். அவள் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.


ஏப்ரல் 21, திங்கள்

பிரிவுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். இனி எந்த நாடகத்தையும் முடிவிலிருந்து எடுப்பதில்லை, ஏன் என்றும். இடியண்ணனுக்கு நடந்ததையும். வழுக்கைத் தலையர் ரொம்ப ரசித்தார். இருக்கட்டும். சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.


ஏப்ரல் 27, ஞாயிறு

ஒலிபரப்பாகிவிட்டது. கத்தரி ஒரு நிமிடத்தைக் கூட வெட்டவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எங்கெங்கிருந்தோ பேசுகிறார்கள், நீதிபதியைப் பற்றித்தான் எல்லோரும். முதல் காட்சிச் சிரிப்பு காதிலேயே நிற்கிறதாம். வீட்டுக்காரர் வேலையை நிறுத்திவிட்டு, முழுவதும் உட்கார்ந்து கேட்டார். "அப்ப பொண்டாட்டி மேல தப்பில்லையா?" என்றார். இருக்கிறது என்றேன். சிரிக்கவில்லை அவர்.

ஏழு மணிக்கு மேல் அண்ணன் போன் செய்தார்.

"தங்கச்சி, கேட்டோம். இவளும் கேட்டா. பிரமாதமா பண்ணியிருக்கே."

"நீங்க பண்ணதுண்ணே."

"கடைசி அங்கம் என்னுது, தெரிஞ்சுது. நான் பேசினதைத் தூக்கிட்டு முதல் காட்சி யாரை வெச்சு எடுத்தே? அப்படியே என்னை மாதிரியே இருக்கு, நான் நல்லா இருந்தப்போ இருந்த மாதிரி."

"அண்ணே, அது நீங்கதான். நீங்கதாண்ணே. பத்து நாள் முன்னாடி, சின்ன ஸ்டுடியோல..."

"சரி, சரி" என்றார், அதே அன்போடு. "நீ சொன்னா சரிதான்."

பின்னால் அண்ணி, யார் போனில் என்று கேட்பது கேட்டது. அவர் போனின் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னார். பிறகு, முதல் காட்சியில் பேசின அந்தப் பையனிடம் நான் பாராட்டினதாகச் சொல்லிவிடு என்று என்னிடம் சொன்னார். சொல்கிறேன் என்றேன்.